பதிப்பு மாறினால் பாரம் யாருக்கு? வீடியோ கேம் மாட்களின் பராமரிப்பு குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

ஒரு வீடியோ கேமை உருவாக்கிய நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் அதைத் தம் விருப்பப்படி மாற்றி, அந்த மாற்றத்தை மற்றவர்களும் தங்கள் கணினியில் சேர்த்துக்கொள்ளும்படி கோப்புகளாக வெளியிட்டால் அதை மாட் என்கிறோம். புதிய நிலப்பரப்பு, புதிய பாத்திரங்கள், புதிய கிரிக்கெட் அணி, நிறுவனம் கண்டுகொள்ளாமல் விட்ட பிழைக்கு ஒரு திருத்தம் என்று அதில் பல வகை உண்டு. நிறுவனம் அடுத்த பதிப்பை வெளியிடும்போது இவற்றில் பல இயங்காமல் போகின்றன. ஆசிரியர் திரும்பவும் உட்கார்ந்து சரிசெய்தால் மாட் தொடரும். அவருக்குத் தேர்வு வந்திருக்கலாம், வேலை மாறியிருக்கலாம், ஆட்டமே அலுத்துப்போயிருக்கலாம். அப்போது அந்த மாட் பழைய பதிப்போடு நின்றுவிடும். பதிப்பு மாற்றங்களைத் தாண்டி ஒரு மாட் பிழைத்திருப்பதை எது தீர்மானிக்கிறது?

ஆசிரியரின் ஆர்வமும் உழைப்பும் என்பது விளையாடுவோரிடம் கிடைக்கும் வழக்கமான பதில். அப்டேட் வந்த மறுநாளே 'எப்போது சரிசெய்வீர்கள்?' என்று ஆசிரியரை நச்சரிப்பதன் பின்னாலும் இந்த எண்ணமே இருக்கிறது. ஆர்வத்தை நான் இரண்டாம்பட்சமான காரணமாகவே கருதுகிறேன். ஆட்டத்தின் எந்த அடுக்கை அந்த மாட் பற்றிக்கொண்டிருக்கிறது, ஆசிரியர் விலகியபின் அதைத் தொடர வேறொருவருக்கு உரிமை இருக்கிறதா என்ற இரண்டும்தான் முதன்மையானவை. ஒன்று தொழில்நுட்பக் கேள்வி போலவும் மற்றது சட்டக் கேள்வி போலவும் தோன்றலாம். மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்ற ஒரே இடத்தில்தான் இரண்டும் போய் முடிகின்றன.

இதைத் தில்லியின் புசா ரோட்டை முன்வைத்து யோசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இந்தச் சாலையில் இருப்பதால் தலைநகரத் தமிழர்களுக்கு இது பழக்கமான பெயர். ஒரு பக்கம் கரோல் பாக். அங்கேதான் காஃபர் மார்க்கெட். போலிச் சரக்குக்கும் திருட்டுப் பிரதிகளுக்கும் பெயர்போன சந்தைகள் என்று அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிட்டுவரும் பட்டியலில் இடம்பெற்ற சந்தை அது. சற்றுத் தள்ளி, சாலைக்குப் பெயர் கொடுத்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம். 1905இல் பீகாரின் புசாவில் தொடங்கி, 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சிதைந்தபின் 1936இல் தில்லிக்கு வந்தபோது பழைய ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்தது. பராமரிப்பை ஒரு தனித் தொழிலாக, சம்பளம் கொடுத்து நடத்தும் இடம் அது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

2. இதுவரையிலான புரிதல்

மாட்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் சென்றிருக்கின்றன. முதல் வழி, மாட் ஆசிரியரைப் படைப்பாளியாகப் பார்ப்பது. இதற்குச் சாட்சியாக எப்போதும் இரண்டு கதைகள் வரும். 'ஹாஃப் லைஃப்' ஆட்டத்தின் மேல் 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் இருவரும் கட்டிய 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' தனி ஆட்டமாக வளர்ந்து வால்வ் நிறுவனத்தின் சொத்தானது. 'வார்கிராஃப்ட் 3' ஆட்டத்தின் வரைபடமாகத் தொடங்கிய 'டோட்டா' ஒரு புதிய ஆட்ட வகையையே பெற்றெடுத்தது. இரண்டாவது வழி, இதை ஊதியமில்லாத உழைப்பாகப் பார்ப்பது. யூலியன் க்யூக்லிக் 2005இல் எழுதிய கட்டுரையில் விளையாட்டையும் உழைப்பையும் ஒட்டவைத்து ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கினார். ஹெக்டர் போஸ்டிகோ 2007இல், மாட் ஆசிரியர்களின் உழைப்பை நிறுவனம் விலைகொடுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட முயன்றார். தன்யா சிஹ்வோனனின் 2011 நூல் இவ்விரு வழிகளுக்கும் இடையே, மாட் செய்வதை ஒரு பண்பாட்டுப் பழக்கமாக விரித்து எழுதியது.

இந்த ஆய்வுகளின் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் இரண்டு வழிகளிலுமே கவனம் மாட் உருவாகும் கணத்தில்தான் நிற்கிறது. வெளியீட்டுக்குப் பின்னான வருடங்கள் பின்குறிப்பாகச் சுருங்கிவிடுகின்றன. டோட்டாவின் கதையைக் கவனமாகப் படித்தாலே இது போதாது என்பது தெரியும். அதை முதலில் செய்தவர் விலகினார், வேறொருவர் எடுத்தார், அவரும் விலகியபின் ஐஸ்ஃப்ராக் என்ற புனைபெயர்க்காரர் பல ஆண்டுகள் தொடர்ந்து திருத்தி வந்தார். 2009இல் வால்வ் வேலைக்கு எடுத்துக்கொண்டது இந்த மூன்றாமவரைத்தான். கைமாறிக் கைமாறி வந்த பராமரிப்பு இல்லாவிட்டால் அந்தப் படைப்பு நமக்கு எட்டியிருக்காது.

மென்பொருள் ஆய்வில் இதற்கான கருத்து பழையது. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 அமைப்பின் அடுத்தடுத்த வெளியீடுகளை ஆராய்ந்த மெயர் லேமனும் லாஸ்லோ பெலாடியும், நிஜ உலகத்தோடு பிணைந்த மென்பொருள் தொடர்ந்து மாற்றியமைக்கப்படாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டே போகும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1974 முதல் இது லேமனின் விதி என்று வழங்கிவருகிறது. மாட் விஷயத்தில் இதற்கு ஒரு முடிச்சு கூடுதலாக விழுகிறது. மாட் பிணைந்திருக்கும் 'உலகம்' இன்னொருவருக்குச் சொந்தமான மென்பொருள். அது எப்போது மாறும், எப்படி மாறும் என்று மாட் ஆசிரியரைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை.

3. எந்த அடுக்கில் பிடி?

எல்லா மாட்களும் ஒரே மாதிரி உடைவதில்லை என்பதே என் வாதத்தின் முதல் சான்று. மிக ஆழத்தில் பிடித்திருப்பவை முதலில் உடையும். 'ஸ்கைரிம்' ஆட்டத்தில் எஸ்கேஎஸ்இ என்னும் துணைநிரலும் அதன்மேல் அமர்ந்த பல மாட்களும் ஆட்டத்தின் இயங்கு கோப்புக்குள், நினைவகத்தில் குறிப்பிட்ட முகவரியில் இருக்கும் செயல்பாடுகளை நேரடியாகத் தொட்டு வேலை செய்கின்றன. நிறுவனம் ஒரு வரியைத் திருத்தி மறுபடி தொகுத்தாலே முகவரிகள் எல்லாம் இடம்பெயர்ந்துவிடும். இதைச் சமாளிக்க, ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண் எந்தப் பதிப்பில் எந்த முகவரியைக் குறிக்கும் என்று அட்டவணை போட்டார் ஆர்வலர் ஒருவர். அட்டவணை புதுப்பிக்கப்பட்டால் போதும், மாட்கள் தப்பித்தன. 2021 நவம்பர் 11 அன்று ஆட்டத்தின் பத்தாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது இந்த ஏற்பாடும் போதவில்லை. நிறுவனம் புதிய தொகுப்பிக்கு (கம்பைலருக்கு) மாறியிருந்ததால் செயல்பாடுகள் வேறு விதமாகப் பிரிந்தும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தும் போயிருந்தன. எஸ்கேஎஸ்இ குழுவினர் இதை முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தார்கள். ஆட்டத்தின் கதையிலோ காட்சியிலோ தலைகீழ் மாற்றம் எதுவும் வரவில்லை. தொகுப்பி மாறியதற்கே இந்தப் பாடு.

அடுத்த அடுக்கு, பெயர்கள். 'மைன்கிராஃப்ட்' ஜாவா பதிப்பின் நிரலில் உள்ள வகுப்புப் பெயர்களையெல்லாம் நிறுவனம் பொருளற்ற ஓரெழுத்து, ஈரெழுத்துக் கோவைகளாக மாற்றித்தான் பல ஆண்டுகள் வெளியிட்டது. ஒரு பதிப்பில் ஒரு பொருளைக் குறித்த எழுத்துக் கோவை அடுத்த பதிப்பில் வேறொன்றைக் குறிக்கும். தன்னார்வலர்கள் ஒவ்வொரு பதிப்பிலும் உட்கார்ந்து, எது எது என்று கண்டுபிடித்துப் பெயரிட்டு அட்டவணை தயாரித்தார்கள். 2019இல் நிறுவனமே அந்தப் பெயர் அட்டவணையை வெளியிடத் தொடங்கியது. 2025இல் பெயர் மறைப்பையே கைவிடப்போவதாக அறிவித்தது. தன்னார்வலர்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சுமந்த ஒரு வேலை, நிறுவனத்திடம் முதல் நாளிலிருந்தே இருந்த ஒரு கோப்பால் தீர்ந்திருக்கக்கூடியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதே ஆட்டத்திலிருந்து இன்னொரு மாற்றத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். 2018 ஜூலையில் வந்த 1.13 பதிப்பு வரை, ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் எண் இருந்தது. கம்பளிக்கு எண் 35. நிறத்தைக் காட்ட இன்னொரு சிறு எண். 0 என்றால் வெள்ளை, 14 என்றால் சிவப்பு. அந்தச் சிறு எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நான்கு பிட். ஆகவே பதினாறு வகைக்குமேல் போக முடியாது. இரண்டு மாட்கள் ஒரே கட்டை எண்ணைக் கேட்டால் மோதல் வரும். ஒருவர் கட்டிய வீட்டின் சுவர் வேறு பொருளாக மாறி நிற்கும். 1.13 இந்த எண்களை ஒழித்து, 'சிவப்புக் கம்பளி' என்பதற்கு ஒரு சொற்பெயரையே அடையாளமாக வைத்தது. எண்ணை நம்பிய மாட்கள் மொத்தமும் திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. பலர் அதைச் செய்யவில்லை. 2017இல் வந்த 1.12.2 பதிப்பிலேயே ஒரு பெரும் கூட்டம் தங்கிவிட்டது. அதற்கு முன் 2014இன் 1.7.10இல் தங்கிய கூட்டமும் உண்டு. பழைய பதிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஆட மைன்கிராஃப்ட் இடம் கொடுப்பதால்தான் அவர்களால் அப்படித் தங்க முடிந்தது.

'ஸ்டார்டியூ வேலி' என்ற விவசாய ஆட்டத்தில் 2024 மார்ச் 19 அன்று வந்த 1.6 பதிப்பும் இதையே செய்தது. பொருள்களின் எண் அடையாளங்கள் போய்ச் சொல் அடையாளங்கள் வந்தன. மாற்றத்தின் தன்மை ஒன்றே. விளைவில் வித்தியாசம் இருந்தது. இந்த ஆட்டத்துக்கும் மாட்களுக்கும் நடுவே எஸ்எம்ஏபிஐ என்ற திறந்த மூல நிரல் நடுவரைப் போல அமர்ந்திருக்கிறது. ஒரு மாட் ஏற்றப்படும்போதே அதற்குள் பழைய பெயரால் அழைக்கப்படும் செயல்பாடுகளைத் தேடி, முடிந்த இடங்களில் புதிய பெயருக்குத் திருப்பிவிடும் வேலையை அது தானே செய்யும். படங்களையும் வசனங்களையும் மட்டும் மாற்றும் மாட்களுக்கு நிரலே தேவையில்லை. ஒரு குறிப்புக் கோப்பில், 'இது இன்ன பதிப்பு வடிவத்தில் எழுதப்பட்டது' என்று ஒரு வரி போட்டுவிட்டால், வடிவம் பிற்பாடு மாறினாலும் இவ்வகை மாட்களுக்கான நடுவர் நிரல் பழையதைப் புதியதாக வாசித்துக்கொள்ளும். எஸ்எம்ஏபிஐயைப் பராமரிப்பவர் 1.6இன் உருவாக்கத்திலேயே பங்கேற்றார். எந்தெந்த இடம் மாறுகிறது என்ற வழிகாட்டியும் மாட் ஆசிரியர்களுக்காக எழுதிவைக்கப்பட்டது. 1.6 வந்தபோதும் உடைந்த மாட்கள் இருந்தன. ஆனால் செலவின் பெரும்பகுதி ஓரிடத்தில் ஒருமுறை செலுத்தப்பட்டது. மற்ற ஆட்டங்களில் அதே செலவை ஆயிரம் பேர் ஆளுக்கு ஒருமுறை செலுத்துகிறார்கள். எல்லா மாட் ஆசிரியர்களின் ஆர்வத்தையும் கூட்டினாலும் இந்த ஓர் ஏற்பாட்டுக்கு ஈடாகாது என்றே கருதுகிறேன்.

4. பதிப்பே வராத ஆட்டம்

பதிப்பு மாற்றம்தான் சிக்கல் என்றால், பதிப்பே மாறாத ஆட்டத்தில் மாட்கள் நிம்மதியாக இருக்க வேண்டும். இந்தியாவில் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல உதாரணம் இருக்கிறது. இஏ ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்ட 'கிரிக்கெட் 07'க்குப் பிறகு அந்த வரிசையில் அடுத்த ஆட்டம் வரவேயில்லை. இந்திய அணி வீரர்களின் அசல் பெயர்கள் அதில் இல்லை; உரிமம் இல்லாததால் திரித்த பெயர்கள். ரசிகர்கள் செய்த முதல் திருத்தமே பெயர்ப் பட்டியல்தான். அதன்பின் சீருடை, மட்டை, மைதானம், முகம் என்று பேட்ச்கள் தொடர்ந்தன. கணினி மையங்களிலும் வீட்டுக் கணினிகளிலும் ஒரு தலைமுறையே ஆடியது அந்த ஒட்டுப்போட்ட ஆட்டத்தைத்தான்.

இங்கே ஆட்டம் உறைந்து நின்றது. உலகம்தான் புதுப் பதிப்புகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. 2008இல் ஐபிஎல் தொடங்கியது. 2012க்குப் பிறகு டெக்கான் சார்ஜர்ஸ் போய் ஹைதராபாத்துக்கு சன்ரைசர்ஸ் வந்தது. 2016, 2017 இரு பருவங்களில் சென்னையும் ராஜஸ்தானும் இல்லை. புனேயும் குஜராத் லயன்ஸும் இருந்தன. 2019இல் டெல்லி டேர்டெவில்ஸ் டெல்லி கேபிடல்ஸ் ஆனது. 2021இல் பஞ்சாப் பெயர் மாறியது. 2022இல் மேலும் இரண்டு அணிகள். ஒவ்வொரு ஏலத்துக்குப் பிறகும் வீரர்கள் இடம் மாறினார்கள். ஐபிஎல் பேட்ச் செய்பவர் இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதுவும் ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் அணிகளின் இடத்தில் எழுதித்தான். இதற்கிடையே கீழேயுள்ள தளமும் சும்மா இருக்கவில்லை. அக்காலத்து வட்டு ஆட்டங்கள் பலவற்றில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற பிரதித் தடுப்பு 2015இல் வந்த விண்டோஸ் 10இல் ஏற்கப்படவில்லை. காசு கொடுத்து வாங்கிய அசல் வட்டே ஓடாமல் போனது, திருட்டுப் பிரதி ஓடியது.

ஆக, ஆட்டம் மாறாமல் நின்றால் பராமரிப்புச் செலவு குறைகிறது, இல்லாமல் போவதில்லை. ஒரு நன்மை மட்டும் உறுதி. 2008இல் ஒருவர் கோப்பு அமைப்பைப் பற்றிக் கற்றது 2022இலும் செல்லுபடியாகும். அறிவு காலாவதி ஆகாததால் ஆள் மாறுவது எளிது. இவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். 2014இல் 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 14' மூலம் பிக் ஆன்ட் நிறுவனம் வேறு வழியைக் கையாண்டது. வீரர்களையும் அணிகளையும் உருவாக்கிப் பகிரும் கருவியை அதுவே கொடுத்தது. பெயர், முகம், சீருடை விஷயத்தில் ரசிகர்களுக்கு மாட் தேவையே குறைந்தது. அந்தக் கருவி அனுமதிக்காத எதையும் செய்ய முடியாது என்பது அதன் மறுபக்கம்.

5. வாரிசுரிமை

இனி இரண்டாவது காரணம். ஆசிரியர் விலகிவிட்டார், வேறொருவருக்குத் திறமையும் நேரமும் இருக்கிறது. அவர் அந்த மாட்டைத் தொடர என்ன தடை? பெரும்பாலும் அனுமதிதான். மாட் ஆசிரியர்களிடையே 'என்னைக் கேட்காமல் மறுபதிவேற்றம் செய்யாதே' என்பது எழுதாத சட்டம். பலர் எழுதியே வைத்துவிடுகிறார்கள். தம் உழைப்பை இன்னொருவர் தம் பெயரில் போட்டுக்கொள்வதைத் தடுக்க எழுந்த நியாயமான ஏற்பாடு அது. ஆனால் ஆசிரியர் பதில் சொல்லும் நிலையில் இருக்கும்வரைதான் அது ஏற்பாடு. அவர் மறைந்துபோனால் பூட்டு.

இந்தியச் சட்டத்தின் கணக்கு விசித்திரமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி மாட்டில் உள்ள சொந்த நிரலுக்கும் ஓவியத்துக்கும் ஆசிரியரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. சில மாதங்களுக்கொருமுறை மாறும் ஆட்டத்தில் ஒட்டியிருக்கும் ஒரு படைப்புக்கு அறுபது ஆண்டு என்பது நடைமுறையில் முடிவிலிதான். ஆசிரியரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்காக 31ஏ பிரிவு இருக்கிறது. அது வெளியிடவும் மொழிபெயர்க்கவும் உரிமம் கேட்க வழி செய்கிறதே தவிர, திருத்தி எழுத அல்ல. அதற்காக ஒருவர் வழக்காடுமன்றம் ஏறுவார் என்பதும் நடக்கிற காரியமல்ல. ஆட்டத்தின் உரிமையாளருக்கும் மாட் ஆசிரியருக்கும் இடையிலான உறவைச் சட்டம் ஓரளவு யோசித்திருக்கிறது; ஒரு நிரலோடு வேறொரு நிரல் இயைந்து செயல்படத் தேவையான தகவலைச் சட்டப்படி வைத்திருப்பவர் தேடிப்பெறுவதை 52ஆம் பிரிவு பதிப்புரிமை மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்காவில் 1998இன் மைக்ரோ ஸ்டார் வழக்கில், ரசிகர்கள் செய்த 'டியூக் நியூகெம்' நிலைகளைத் தொகுத்து விற்றவருக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு இடத்திலும் கேள்வி நிறுவனத்துக்கும் ரசிகருக்கும் இடையேதான். ஒரு மாட் ஆசிரியருக்கும் அடுத்த ஆசிரியருக்கும் இடையேயான வாரிசுக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மேடைகளின் அமைப்பும் இதைச் சிக்கலாக்குகிறது. ஸ்டீம் வொர்க்ஷாப்பில் ஒரு மாட் பக்கத்தை ஆசிரியரோ அவர் சேர்த்துக்கொண்டவர்களோதான் புதுப்பிக்க முடியும். 'ரிம்வேர்ல்ட்' ஆட்டத்தில் கைவிடப்பட்ட மாட்களைத் தத்தெடுத்துத் தொடர்பவர்கள், பழைய பெயருக்குப் பின்னால் 'தொடர்ச்சி' என்று அடைப்புக்குறியில் சேர்த்துப் புதிய பக்கம் திறக்கிறார்கள். பக்கம் புதிது என்பதால் அடையாள எண்ணும் புதிது. பழையதைச் சார்ந்திருந்த மற்ற மாட்களுக்கு இது தெரியாது. கைவிடப்பட்டதற்கு மாற்று எது என்று காட்டவே தனியாக ஒரு மாட் இருக்கிறது. 2021 ஜூலையில், மாட்களைப் பகிரும் நெக்சஸ் தளம், மாட்களைத் தொகுப்புகளாக்கும் திட்டத்துக்காக, கோப்புகளை இனி முற்றாக நீக்க முடியாது, காப்பகத்தில் வைக்க மட்டுமே முடியும் என்று அறிவித்தது. விரும்பாதவர்கள் எடுத்துக்கொள்ள ஒரு மாத அவகாசம் கொடுத்தது; கணிசமானோர் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். தொகுப்பின் நிலைத்தன்மை, ஆசிரியரின் விலகும் உரிமை இரண்டும் நேருக்கு நேர் மோதிய தருணம் அது. ஆசிரியர்களின் கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும் ஆயிரம் பேரின் ஆட்டம் நம்பியிருக்கும் ஒரு கோப்பை முன்னறிவிப்பின்றி எடுத்துவிடும் உரிமையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

இங்கேதான் புசா நிலையத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. புசா பாஸ்மதி 1 ரகம் 1989இல் வந்தது. வயலில் பாக்டீரியா இலைக்கருகல் நோய் ஓங்கியபோது, அரிசியின் குணம் மாறாமல் எதிர்ப்பு மரபணுக்கள் இரண்டை மட்டும் உள்ளே கொண்டுவந்து, மூல ரகத்தோடு திரும்பத் திரும்ப மீள்கலப்பு செய்து 2007இல் 'மேம்பட்ட புசா பாஸ்மதி 1' என்று வெளியிட்டார்கள். நீண்ட மணியால் புகழ்பெற்ற 1121க்கும் அப்படியே. அதே நோய்க்கான எதிர்ப்பைச் சேர்த்து 2017இல் 1718. குலைநோய் எதிர்ப்பையும் சேர்த்து 2021இல் 1885. புதிய எண் கொடுப்பதால் எது எதன் தொடர்ச்சி என்பதில் குழப்பமில்லை. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்ற சங்கிலி இருப்பதால், ரகத்தை உருவாக்கிய விஞ்ஞானி ஓய்வு பெற்றாலும் ரகம் ஓய்வு பெறுவதில்லை. நோய்க்கிருமியும் அடுத்த பதிப்பை யாரையும் கேட்டு வெளியிடுவதில்லைதான். அதன் செலவை ஏற்க ஒரு நிறுவனமும், தொடர்வதற்கு ஒரு மூல விதையும் இருக்கின்றன. மாட் உலகத்தில் முதலாவதை எதிர்பார்க்க முடியாது. இரண்டாவதற்கு ஈடானது, தொடர அனுமதிக்கும் உரிமத்தோடு வெளியிடப்பட்ட மூலநிரல். அதற்குப் பணம் தேவையில்லை.

6. மறுப்புகள்

நிறுவனத்தின் தரப்பிலிருந்து வரும் மறுப்பு வலுவானது. ஆட்டம் மாறாவிட்டால் அது செத்துவிடும். மாட்களுக்காக நிலையான இடைமுகம் ஒன்றை உறுதியளித்தால் தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொண்டதாகும் என்கிறார்கள். மைன்கிராஃப்ட் பழைய எண் முறையிலேயே நின்றிருந்தால் பதினாறு வகைக் கட்டுக்குள்தான் நின்றிருக்கும் என்பது உண்மை. 1.13 உடைத்ததால்தான் பின்னால் மோதல்கள் குறைந்தன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது மாற்றத்தை நிறுத்தும்படி அல்ல. பழைய பதிப்பைத் தேர்ந்தெடுக்க வழி விடுவதும், தேதியை முன்னரே சொல்வதும்தான். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது என்பதற்கு 'ஃபால்அவுட்: லண்டன்' சாட்சி. 'ஃபால்அவுட் 4' மேல் ஒரு குழு பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய, தனி ஆட்டம் அளவுக்குப் பெரிய அந்த மாட் 2024 ஏப்ரல் 23 அன்று வருவதாக இருந்தது. ஏப்ரல் 25 அன்று, ஆட்டம் வெளியாகி எட்டரை ஆண்டு கழித்து, நிறுவனம் பெரிய அப்டேட் ஒன்றை வெளியிடப்போவதாக அறிவித்தது. மாட் வெளியீடு தள்ளிப்போய், ஜூலை 25 அன்று ஜிஓஜி தளத்தின் வழியாக, ஆட்டத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்பும் வழியோடு சேர்ந்தே வந்தது. ஸ்டீமில் பழைய பதிப்புகளைத் தனிக் கிளையாக வைத்திருக்கும் வசதி முன்பே உண்டு. ஸ்டார்டியூவும் ரிம்வேர்ல்டும் அதைப் பயன்படுத்துகின்றன.

நடுவர் நிரல்களைக் குறித்த மறுப்பு இன்னும் கூர்மையானது. எல்லாரும் ஓர் அடுக்கின்மேல் நின்றால் அந்த அடுக்கைப் பராமரிப்பவர் விலகும்போது எல்லாரும் விழ மாட்டார்களா? 2023 ஜூலையில் மைன்கிராஃப்ட் மாட்களுக்கான நடுவர் நிரலான ஃபோர்ஜின் குழு உள்பிணக்கில் பிளந்து, பெரும்பாலோர் நியோஃபோர்ஜ் என்று தனியே போனது இந்த அச்சத்துக்கு ஆதாரம். மாட் ஆசிரியர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்தப் பிளவு எப்படிச் சாத்தியமானது என்று பார்க்க வேண்டும். ஃபோர்ஜின் மூலநிரல் திறந்த உரிமத்தில் இருந்தது. பிரிந்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு மறுநாளே வேலையைத் தொடர முடிந்தது. மூடிய நிரலாக இருந்திருந்தால் பிணக்கோடு கதை முடிந்திருக்கும். ஆகவே இந்த மறுப்பு நடுவர் அடுக்குக்கு எதிரானதாக இல்லாமல் வாரிசுரிமைக்கு ஆதரவானதாகவே முடிகிறது.

பொழுதுபோக்குக்காகச் செய்த ஒன்றுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு, செய்தவர் அலுத்தால் போகட்டும் என்பார்கள். மாட் சாகலாம் என்பதை நானும் ஏற்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை. ஆனால் ஆசிரியர் அலுத்துப்போவதும், தொடர விரும்புகிறவரைச் சட்டம் தடுப்பதும் வேறு வேறு. இந்திய ஆசிரியர் ஒருவருக்கு இதில் செய்யக்கூடியது கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பதிப்புரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. கையொப்பம் வேண்டும் என்ற சொற்கள் நீக்கப்பட்டுவிட்டன. 21ஆம் பிரிவின்படி பொது அறிவிப்பு மூலமே ஓர் ஆசிரியர் தம் உரிமைகளில் வேண்டியதை விட்டுக்கொடுக்கலாம். 'ஓராண்டு என்னிடமிருந்து அப்டேட் வராவிட்டால், என் பெயரைக் குறிப்பிட்டு யாரும் இதைத் திருத்தி வெளியிடலாம்' என்று மாட் கோப்புறைக்குள் ஓர் உரைக்கோப்பில் எழுதிவைத்தால் எழுத்திலான உரிமம் ஆகிவிடும். மேடைகள் பதிவேற்றும் படிவத்தில் இதை ஒரு கட்டாயக் கேள்வியாக வைத்தால், பதில் 'கூடாது' என்று இருந்தால்கூட, அதன்மேல் தம் மாட் கட்ட நினைப்பவருக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.